கின்னிக்கோழியும் நாட்டுக்கோழியும்





கோழி வளர்ப்பு யாருக்கும் புதிது இல்லை. சிறிய வீடாக இருந்தாலும் முற்றத்தில் நாலு கோழி மேயும். பல வீடுகளில் அந்தக் கோழிதான் பெண்களின் கைக்காசு. பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டும். திடீரென்று காய்ச்சல் வந்தால் மருந்து வாங்க வேண்டும். அப்போது யாரிடமும் கை நீட்ட வேண்டியது இல்லை. ஒரு கோழியை விற்றால் போதும்.

இப்போது சில வீடுகளில் கோழியோடு இன்னொரு பறவையும் மேய்கிறது. அதன் பெயர் கின்னிக்கோழி. கினிக்கோழி என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே முற்றத்தில் வளர்க்கலாமா? வளர்த்தால் லாபமா, நட்டமா? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஒரு மாமியார், ஒரு மருமகள். மாமியாரிடம் 6 பெட்டைக்கோழிகள் இருக்கின்றன. ஒரு சேவலும் இருக்கிறது. மருமகள் சந்தைக்குப் போகிறாள். அங்கே கின்னிக்கோழியைப் பார்க்கிறாள். ஆசையோடு வீட்டுக்கு வருகிறாள்.

"அத்தை, நாமும் ரெண்டு ஜோடி வாங்கலாம். அதுக்கு நோயே வராதாம். புழு பூச்சியைத் தின்னே வளருமாம்" என்கிறாள்.

மாமியார் உடனே தலையாட்டவில்லை.

"வாங்கலாம்மா. ஆனா அது என் கோழியைக் கொத்தாதா? ராத்திரி கூட்டுக்கு வருமா? அடை உட்காருமா? சீக்கு வந்தா என்ன செய்வே?" என்று கேட்கிறார்.

நாலும் நல்ல கேள்விகள். பதில் தெரிந்துகொண்டு வாங்கினால் கைக்காசு வீணாகாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கின்னிக்கோழி எப்படிப்பட்டது?

கின்னிக்கோழியின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. உடம்பு உருண்டையாக இருக்கும். சாம்பல் நிற இறகில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். தலையில் இறகு இருக்காது. உச்சியில் கொம்பு போல ஒரு மேடு இருக்கும்.

நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி என்ற நகரம் இருக்கிறது. அதன் அருகில் இஜத்நகர் என்ற இடம். அங்கே மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே மூன்று வகைக் கின்னிக்கோழிகளை உருவாக்கினார்கள். காதம்பரி, சிதாம்பரி, ஸ்வேதாம்பரி என்று பெயர் வைத்தார்கள். காதம்பரி புள்ளி போட்டது. சிதாம்பரி வெளிர் சாம்பல் நிறம். ஸ்வேதாம்பரி வெள்ளை.

இந்த வகைகள் 12 வாரத்தில் ஏறக்குறைய 900 கிராம் முதல் 1 கிலோ வரை எடை வரும். முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய 8 மாதம் ஆகும். நல்ல பராமரிப்பில் மார்ச் முதல் செப்டம்பர் வரை 100 முதல் 120 முட்டைகள் இடும். ஒரு முட்டை 38 முதல் 40 கிராம் இருக்கும். ஓடு கெட்டியாக இருப்பதால் எளிதில் உடையாது. குளிர் காலத்தில் முட்டையிடுவதை நிறுத்திவிடும். இது ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. வீட்டு முற்றத்தில் இதைவிடக் குறையலாம்.

கின்னிக்கோழியால் வேறு நன்மையும் உண்டு. வெட்டுக்கிளி, கரையான், உண்ணி எல்லாவற்றையும் பொறுக்கித் தின்னும். பருந்தைக் கண்டால் கத்தும். பாம்பைக் கண்டால் கத்தும். புது ஆள் வந்தாலும் கத்தும். அந்தச் சத்தம் கேட்டு நாட்டுக்கோழியும் ஒளிந்துகொள்ளும்.

அந்தச் சத்தமே தொல்லையும் ஆகும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் அக்கம் பக்கத்தில் சண்டை வரும். வாங்கும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி 1: என் கோழியைக் கொத்தாதா?

கொத்தும். இதை மறைக்க வேண்டியது இல்லை.

நாட்டுச் சேவல் எதிரில் நின்று சண்டை போடும். கின்னிச் சேவல் அப்படி இல்லை. பின்னாலிருந்து ஓடி வரும். வால் இறகைப் பிடித்து இழுக்கும். விடாமல் விரட்டும். விரட்டப்பட்ட கோழி தீவனத்துக்கு அருகில் வராது. தின்னாத கோழி முட்டையிடாது. கைக்காசு குறைந்துபோகும்.

இடம் குறைவாக இருந்தால் சண்டை கூடும். முட்டையிடும் காலத்தில் இன்னும் கூடும். இதைக் குறைக்க வழி உண்டு.

சேவல் அதிகம் வேண்டாம். ஒரு கின்னிச் சேவலுக்கு 4 அல்லது 5 பெட்டைகள் இருக்கலாம். மருமகள் சொன்னது போல ரெண்டு ஜோடி வாங்கினால் 2 சேவல் வந்துவிடும். அவை இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். நாட்டுச் சேவலையும் விரட்டும்.

சேவல் எது, பெட்டை எது? கின்னிக்கோழியில் கண்டுபிடிப்பது கடினம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சேவலின் தாடி கொஞ்சம் பெரியது. சத்தம்தான் நல்ல அடையாளம். பெட்டை இரட்டைச் சத்தமாக விட்டு விட்டுக் கூப்பிடும். சேவல் ஒற்றைச் சத்தம் மட்டும் போடும். பயந்தால் பெட்டையும் ஒற்றைச் சத்தம் போடும். அதனால் அவசரப்படாமல் நின்று கேட்க வேண்டும். இரட்டைச் சத்தம் கேட்டால் அது பெட்டைதான்.

தீவனத் தட்டு ஒன்று போதாது. தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் வையுங்கள். தண்ணீரும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு இடத்தில் விரட்டப்பட்ட கோழி வேறு இடத்தில் தின்னும்.

கூட்டில் இடம் தாராளமாக இருக்க வேண்டும். ஒரு பறவைக்கு 3 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். 10 பறவைக்கு 30 சதுர அடி. அதாவது 6 அடி நீளம், 5 அடி அகலம். பகலில் வெளியே மேய விட வேண்டும். நாள் முழுவதும் அடைத்தே வளர்ப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாக வளர்ப்பதே நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. குஞ்சிலேயே சேர்த்து வளர்க்க வேண்டும். ஒன்றாக வளர்ந்தவை பெரிதானாலும் ஓரளவு ஒத்துப்போகும். அப்படியும் ஒரு சேவல் விடாமல் விரட்டினால் அதைத் தனியே அடையுங்கள். அல்லது விற்றுவிடுங்கள்.

கேள்வி 2: ராத்திரி கூட்டுக்கு வருமா?

பழக்கினால் வரும். பழக்காவிட்டால் வராது.

கின்னிக்கோழி நன்றாகப் பறக்கும். இருட்டியதும் மரத்தில் ஏறிக்கொள்ளும். அங்கே மரநாய் பிடிக்கும். ஆந்தை பிடிக்கும். மழையில் நனையும்.

புதிதாக வாங்கிய பெரிய பறவையை உடனே திறந்துவிட்டால் பறந்து போய்விடும். கொடுத்த பணமும் போய்விடும். அதனால் 4 முதல் 6 வாரம் கூட்டுக்குள்ளேயே வையுங்கள். அங்கேயே தீவனம், தண்ணீர் கொடுங்கள். அதுதான் தன் வீடு என்று அது தெரிந்துகொள்ளும். பிறகு முதலில் ஒன்றிரண்டை மட்டும் வெளியே விடுங்கள். மற்றவை உள்ளே இருக்கும்போது வெளியே போனவை தூரம் போகாது.

தினமும் மாலையில் ஒரே நேரத்தில் கொஞ்சம் கம்பு அல்லது குருணை போடுங்கள். தட்டைத் தட்டி ஒரே மாதிரி சத்தம் செய்யுங்கள். அந்தச் சத்தம் கேட்டால் கூட்டுக்கு ஓடி வரும்.

கூட்டுக்குள் உட்காரக் கம்பு கட்டுங்கள். கின்னிக்கோழிக்கு உயரத்தில் ஒன்று. நாட்டுக்கோழிக்குக் கீழே ஒன்று. இடத்துக்காகச் சண்டை வராது.

முட்டையும் இப்படித்தான். கின்னிக்கோழி புதருக்குள் ஒளித்து முட்டையிடும். பல பெட்டைகள் ஒரே இடத்தில் இடும். முட்டையிடும் காலத்தில் மதியம் வரை கூட்டுக்குள் வைத்திருந்தால் பெரும்பாலும் உள்ளேயே இடும். புதரில் முட்டை கிடைத்தால் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். பென்சிலால் கோடு போட்டு 4 முட்டைகளை விட்டுவையுங்கள். எல்லாம் காணாமல் போனால் அது வேறு இடம் தேடிப் போய்விடும். மறுநாள் கோடு இல்லாத முட்டைகளை மட்டும் எடுங்கள்.

கேள்வி 3: அடை உட்காருமா?

கின்னிப் பெட்டை அடை உட்காரும். ஆனால் குஞ்சைக் காப்பாற்றுவதில் நாட்டுக்கோழி அளவுக்கு வராது. பனி விழுந்த புல்லில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேகமாக ஓடும். குஞ்சு நனையும். குளிரில் விறைத்துச் செத்துப்போகும்.

மாமியாரின் நாட்டுக்கோழி இங்கேதான் கைகொடுக்கும். கின்னி முட்டையை அடைக்கோழிக்கு வைத்தால் பொறுமையாகப் பொரித்துக் கொடுக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் கிராமங்களிலும் இப்படி நாட்டுக்கோழியிடம் கின்னி முட்டையை வைப்பது வழக்கம். ஒரு கோழியின் உடம்புக்குத் தக்கபடி 12 முதல் 15 முட்டைகள் வைக்கலாம். சிறிய கோழி என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லா முட்டையும் அதன் இறகுக்கு அடியில் மறைய வேண்டும்.

முட்டை 7 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கழுவக் கூடாது. கூர்மையான பக்கம் கீழே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கோழி முட்டை பொரிக்க 21 நாள் ஆகும். கின்னி முட்டை பொரிக்க 26 முதல் 28 நாள் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் என்ன ஆகும்? ஜூன் 1 அன்று வைத்ததாக நினையுங்கள். கோழிக்குஞ்சு ஜூன் 22 அன்று வந்துவிடும். தாய்க்கோழி குஞ்சுகளோடு எழுந்து போய்விடும். கின்னி முட்டைகள் சூடு இல்லாமல் கிடக்கும். உள்ளே உயிர் இருக்கும். இன்னும் ஐந்தாறு நாள் சூடு கிடைத்திருந்தால் பொரித்திருக்கும். ஆனால் எல்லாம் வீணாகிவிடும்.

சரியான வழி இது. ஜூன் 1 அன்று கின்னி முட்டைகளை மட்டும் வையுங்கள். 6 நாள் கழித்து, ஜூன் 7 அன்று, கோழி முட்டைகளை வையுங்கள். அவற்றின் மேல் பென்சிலால் கோடு போடுங்கள். கோழி முட்டை ஜூன் 28 அன்று பொரிக்கும். கின்னி முட்டை ஜூன் 27 முதல் 29 வரை பொரிக்கும். இரண்டு குஞ்சும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஒரே தாயிடம் வளரும். மாலையில் தாயோடு கூட்டுக்கு வரவும் பழகும்.

முட்டை வைத்த அன்றே நாட்காட்டியில் குறியுங்கள். பொரிக்கும் நாளையும் குறியுங்கள். மனதில் வைத்த கணக்கு மறந்துபோகும். எழுதி வைத்த கணக்கு மறக்காது.

அடைக்கோழி வழக்கத்தைவிட ஒரு வாரம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் பக்கத்திலேயே தீவனமும் தண்ணீரும் வையுங்கள். அடுத்த முறை உடனே அதே கோழியை அடை வைக்காதீர்கள். அது தேறட்டும். அடையிலும் குஞ்சு வளர்ப்பிலும் இருக்கும் நாட்களில் அது முட்டையிடாது. அந்த நட்டத்தையும் கணக்கில் சேருங்கள்.

கின்னிக்குஞ்சைக் காப்பாற்றுவது எப்படி?

பெரிய கின்னிக்கோழி உறுதியானது. குஞ்சு அப்படி இல்லை. முதல் சில வாரங்கள்தான் ஆபத்து.

ஈரம் அதற்கு எதிரி. முதல் 2 வாரம் தாயோடு பஞ்சாரத்துக்குள் அல்லது உலர்ந்த கூட்டில் வையுங்கள். 6 வாரம் வரை ஈரப் புல்லில் விடாதீர்கள். வெயில் ஏறிய பிறகு திறந்துவிடுங்கள்.

தண்ணீர்த் தட்டு ஆழமாக இருக்கக் கூடாது. குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். தட்டில் சின்னக் கூழாங்கற்களைப் போடுங்கள். கல்லுக்கு இடையில் குடிக்கும்.

கின்னிக்குஞ்சுக்குப் புரதச் சத்து அதிகம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் புரதம் இருக்கும். கின்னிக்குஞ்சுக்கு 24 முதல் 26 சதவீதம் தேவை. தீவனப் பையில் இந்த எண் அச்சடித்திருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள். மருந்து கலந்த தீவனம் என்று எழுதியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கோழிக்குக் கொடுக்கும் மருந்து எல்லாம் கின்னிக்குஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது.

விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் கரையானை உணவாகக் கொடுக்கலாம். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் போடுங்கள். தண்ணீர் தெளியுங்கள். கரையான் உள்ள இடத்தில் பானையைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் உள்ளே கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்குக் கொட்டுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி இதைச் செய்யுங்கள்.

கேள்வி 4: சீக்கு வந்தால் என்ன செய்வது?

"நோயே வராது" என்று சந்தையில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கின்னிக்கோழி நோயைத் தாங்கும் சக்தி உள்ளது. ஆனால் நோயே வராத பறவை உலகத்தில் இல்லை.

கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் நோய் வெள்ளைக்கழிச்சல். இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். ராணிக்கெட் இமயமலைப் பக்கம் உள்ள ஓர் ஊர். இந்த நோய் கின்னிக்கோழிக்கும் வரும். சில நேரம் அதன் உடம்பில் நோய் வெளியே தெரியாது. ஆனால் அதனிடமிருந்து நாட்டுக்கோழிக்குப் பரவும். ஒரே வாரத்தில் முற்றம் காலியாகிவிடும்.

நாட்டுக்கோழியிடமிருந்து கின்னிக்கோழிக்கும் நோய் போகும். கோழியின் குடலில் ஒரு வகைப் புழு இருக்கும். அந்தப் புழுவின் முட்டைக்குள் ஒரு நோய்க்கிருமி ஒளிந்திருக்கும். கோழி பார்க்க நன்றாகவே இருக்கும். அதன் எச்சம் விழுந்த மண்ணைக் கின்னிக்கோழி கிளறித் தின்னும். அதற்கு ஈரல் கெட்டுப்போகும். மஞ்சளாகக் கழியும். சோர்ந்து செத்துப்போகும்.

ஆகவே ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது. தடுப்பு மருந்து போடும்போது இரண்டுக்கும் என்ன போட வேண்டும் என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கோழிக்குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவார்கள். 8 வாரம் ஆனதும் ஊசி போடுவார்கள். குடற்புழு மருந்தும் கேட்டு வாங்குங்கள். கூட்டை அடிக்கடி பெருக்குங்கள். தரை உலர்ந்திருக்கட்டும்.

சந்தையில் வாங்கிய பறவையை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். 3 வாரம் தனியே வையுங்கள். நலமாக இருந்தால் பிறகு சேருங்கள்.

பல பறவைகள் திடீரென்று செத்தால் கையால் தொடாதீர்கள். அறுத்துச் சமைக்காதீர்கள். விற்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2006-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் நவாபூரில்தான் நம் நாட்டில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அதன் பிறகு பல மாநிலங்களில் வந்திருக்கிறது. அது மனிதருக்கும் வரக்கூடிய நோய். மறைத்தால் ஊருக்கே ஆபத்து.

அப்படியானால் சேர்த்து வளர்க்கலாமா?

வளர்க்கலாம். இடம் இருந்தால் வளர்க்கலாம். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வளர்க்கலாம். மேயும்போது சேர்ந்து இருக்கட்டும். தீவனம் தள்ளித் தள்ளி இருக்கட்டும். தூங்கும் கம்பு தனித்தனியாக இருக்கட்டும். இரண்டும் கோழி என்று பேர் வாங்கியவைதான். ஆனால் இரண்டின் குணமும் வேறு. இதை மறந்தால்தான் நட்டம் வரும்.

பெரிய பறவைகளை ஜோடி ஜோடியாக வாங்கிப் பணம் போட வேண்டாம். ஒரு அடைக்கோழி இருந்தால் போதும். தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு டஜன் கின்னி முட்டை வாங்குங்கள். சின்னதாகத் தொடங்குங்கள். ஒரு வருடம் பாருங்கள். லாபம் தெரிந்தால் பெருக்குங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதி வாருங்கள்:

1. முட்டை அடை வைத்த நாள்
2. குஞ்சு பொரித்த நாள்
3. பொரித்த குஞ்சு எத்தனை, பிழைத்த குஞ்சு எத்தனை
4. தடுப்பு மருந்து போட்ட நாள்
5. தீவனத்துக்கும் மருந்துக்கும் ஆன செலவு
6. முட்டையும் பறவையும் விற்று வந்த வரவு

வருடக் கடைசியில் வரவிலிருந்து செலவைக் கழியுங்கள். கின்னிக்கோழி வேண்டுமா, வேண்டாமா என்று அந்த எண் சொல்லும். சந்தையில் யாரோ சொன்னதை நம்ப வேண்டியது இல்லை. உங்கள் கையால் எழுதிய கணக்கை நம்பலாம்.